‘போட்டு வாறன்’ வழக்கு

என் தம்பிக்கு அகதி அந்தஸ்து இல்லை என்று ரோமில் இருந்த கமிஷன் எழுதியனுப்பிய காரணத்தைக் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் அதை இன்னொருதரம் வாசிக்கச் சொன்னேன்.

விசாரணையில், வீட்டைவிட்டுப் புறப்படும்போது அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று கேட்டிருக்கிறார்கள். “போட்டு வாறன் எண்டு சொன்னனான்” என்று தம்பி உள்ளதைச் சொல்லியிருக்கிறான். போய்விட்டு வருகிறேன் என்று. அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லுக்குச் சொல் ‘வாடோ ஏ தோர்னோ’ என்று இத்தாலியனில் ஆக்கிவிட்டார். பலேர்மோவில் மூலைக்கடைக்குப் பாண் வாங்கப் போகிறவன் சொல்லிவிட்டுப் போகிற வார்த்தை அது. பாஸ்தாத் தண்ணீர் கொதிப்பதற்குள் வந்துவிடுவேன் என்று அர்த்தம். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் பெற்ற தாயிடம் அப்படிச் சொல்வானா? சொல்லமாட்டான். ஆகவே இவனுக்குப் பயம் இல்லை. கமிஷன் கணக்கை முடித்துவிட்டது.

பயம் இல்லையாம்! ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்டு, முகாமில் அடி வாங்கி, ஒரு காது கேட்காமல் வீடு திரும்பியவன் அவன். மறுபடி பிடித்தால் திரும்பி வரமாட்டான் என்றுதான் அம்மா அவனை அனுப்பினார். நான் ஒரு இத்தாலியச் சீமாட்டி, ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வேலை செய்ததால் எனக்கு வதிவிட அனுமதி இருந்தது. அவனுக்கு ஒன்றும் இல்லை. மொண்டெல்லோவில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். மேல்முறையீட்டிலும் தோற்றால் அவனைக் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்கள்.

எங்கள் வழக்கறிஞர் ஒரு பெண். கையைக் கட்டிவைத்தால் ஊமையாகிவிடக்கூடியவர்.

“நீ விளக்கினால் நீதிபதி கேட்கமாட்டார், நீ அக்கா,” என்றார் என்னிடம். “உங்கள் நாட்டைப் பற்றித் தெரிந்த ஒரு பேராசிரியர் வந்து சாட்சி சொல்லவேண்டும்.”

பலேர்மோவில் அப்படி யார் இருக்கிறார்கள்? தேடித் தேடிக் கடைசியில் பல்கலைக்கழகத்தில் சமஸ்கிருதம் படிப்பிக்கும் ஒருவர் அகப்பட்டார். இளம்வயதில் தமிழும் படித்து, யாழ்ப்பாணத்தில் கொஞ்சக்காலம் இருந்தவராம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால், லிப்ட் இல்லாத கட்டடத்தில், நாலாம் மாடியில் எங்கள் வீடு. பேராசிரியர் மூச்சு வாங்க ஏறிவந்து, வாசலில் நின்று கைகூப்பினார்.

“வணக்கம். தாங்கள் அனைவரும் நலமாக உள்ளீர்களா?”

தம்பி என் காதருகே குனிந்தான். “அக்கா, இவர் என்ன, வானொலியிலை செய்தி வாசிக்கிறாரோ?”

“பேசாமல் இரடா. வாங்கோ ஐயா, இருங்கோ.”

தேத்தண்ணி கொடுத்தேன். அவர் தம்பியைப் பார்த்து, “தங்களைத் துன்புறுத்தியோர் யாவர்?” என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். “உன்னை அடிச்சது ஆர் எண்டு கேக்கிறார்” என்றேன். “ஆமிக்காரர்” என்றான். “அன்னார் எத்தகைய கருவிகளைக் கையாண்டனர்?” என்று அடுத்த கேள்வி. தமிழிலிருந்து தமிழுக்கு நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். தம்பி அடி வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே! ஆனால் காதைப் பற்றிச் சொன்ன இடத்தில் பேராசிரியர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நேரத்தில் அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அவருடைய அறிக்கை வந்தபோது பிடித்தது பாதி போய்விட்டது. மனுசன் அசோகச் சக்கரவர்த்தியில் தொடங்கியிருந்தார். சோழர் வந்து, போர்த்துக்கேயர் வந்து, நடப்புச் சண்டைக்கு வந்து சேரும்போது தாள் முடியப்போகிறது. வழக்கறிஞர் இரண்டு கையையும் மேலே தூக்கி மாதாவைக் கூப்பிட்டார். “நீதிபதிக்கு மத்தியானச் சாப்பாடு இருக்கிறது, புரொபெஸோரே!” என்று கெஞ்சி, அசோகரையும் சோழரையும் வெட்டியெறிந்தார்.

வழக்குக்கு முந்திய ஞாயிறு நான் மலையேறி, பலேர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். வீட்டுப் பிள்ளையாரிடம் முன்னமே சொல்லிவைத்திருந்தேன். இரண்டு இடத்திலும் கேட்டுவைப்பதில் ஒரு பிழையும் இல்லை.

நீதிபதி வயதானவர். கேள்வி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “இந்த மனிதர் திரும்பி வருவதாகத் தாயிடம் சொன்னாரா, இல்லையா?”

பேராசிரியர் எழுந்தார். “மாண்புமிகு நீதிபதி அவர்களே, சொற்களின்படி பார்த்தால், சொன்னார்.”

வழக்கறிஞரின் கைகள் முதல்முறையாக அசையாமல் நின்றன.

“ஆனால் யாழ்ப்பாணத்தில் நான் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன்,” என்று அவர் தொடர்ந்தார். “ஊருக்குத் திரும்பும் நாளன்று பெட்டியோடு வாசலுக்கு வந்து, இலக்கணம் பிசகாமல், ‘நான் போகிறேன்’ என்றேன். வீட்டுக்கார அம்மா நெஞ்சில் கைவைத்து அலறினார். அவருடைய கணவர் ஓடிவந்து என் பெட்டியைப் பறித்தார். என்னை உள்ளே இழுத்துப்போய் நாற்காலியில் இருத்தி, தண்ணீர் குடிக்கவைத்து, அந்தச் சொல்லைத் திருப்பி எடு என்றார்கள். அந்த ஊரில் வெறுமனே ‘போகிறேன்’ என்று சொல்கிறவர்கள் செத்துப்போகிறவர்கள் மட்டும்தானாம். ‘போட்டு வாறன்’ என்று நான் சரியாகச் சொல்லும்வரை பெட்டியைத் தரவில்லை. எனக்கு ரயில் தவறிவிட்டது.”

நீதிபதி சிரித்துவிட்டார். எழுதிக்கொண்டிருந்த பெண்ணும் சிரித்தாள். அலறலையும் பெட்டி பறிப்பையும் அவர் நடித்தே காட்டியிருந்தார், கற்கண்டு மனுசன். ரொசாலியா அம்மா, வென்றுவிட்டோம் என்று நான் கண்ணை மூடினேன்.

“ஆகவே,” என்று பேராசிரியர் முடித்தார், “அது ஒரு மங்கல வழக்கு மாத்திரமே. அந்தச் சொல்லில் திரும்பும் எண்ணம் எதுவும் இல்லை. அதற்கு அர்த்தமே இல்லை.”

கோப்பை கழுவுகிற இடத்தில் தம்பி கற்ற இத்தாலியன், அந்தக் கடைசி வசனம் விளங்கப் போதுமாக இருந்தது. தம்பி விருட்டென்று எழும்பினான்.

“இல்லை! அர்த்தம் இருக்கு! நான் அம்மாட்டைப் பொய் சொல்லேல்லை. திரும்பிப் போவன் எண்டுதான் சொன்னனான்!”

தமிழில் கத்தியதோடு நின்றானா? இத்தாலியனிலும் “நான் திரும்பிப் போவேன்” என்று நீதிபதியின் முகத்துக்கு நேரே சொன்னான். வெண்ணெய் திரண்டுவரத் தாழி உடைந்தது. அவனை அந்த இடத்திலேயே கழுத்தை நெரித்துக் கொன்றிருப்பேன், எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு மேசை இல்லாவிட்டால்.

“இரடா மடையா!” என்றேன். நீதிமன்றத்தில் என் சாட்சியம் அவ்வளவுதான்.

நீதிபதி கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். “திரும்பிப் போவாய். நல்லது. எப்போது?”

தம்பி சொற்களைத் தேடினான். அவனுக்குத் தெரிந்த இத்தாலியன் கொஞ்சம்.

“அவர்கள் என்னைக் கொல்லாத நாளில்,” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். பேராசிரியர் மெல்ல உட்கார்ந்து, தமிழில், “என்னிலும் நன்று உரைத்தீர்” என்றார். நான் அழுதேன். சிரிக்கவும் செய்தேன்.

தீர்ப்பு கோடைக்காலத்தில் வந்தது. வென்றுவிட்டோம். அவனுக்கு அகதிக் கடவுச்சீட்டு ஒன்று கொடுத்தார்கள். இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும் என்று அதில் அச்சடித்திருந்தது. “அங்கே மட்டும் போய்விடாதே, போனால் எல்லாம் போச்சு,” என்று வழக்கறிஞர் விரலை ஆட்டினார். ஜப்பானுக்குப் போகலாமாடா என்று அவனைக் கேலி செய்தேன்.

அம்மா அப்போது இடம்பெயர்ந்து வவுனியாவில் இருந்தார். போன் எடுப்பதென்றால் ஒரு கொமினிகேசன் கடைக்கு முன்கூட்டியே சொல்லி, அவரை அங்கே வரவைக்கவேண்டும். நானும் தம்பியும் துறைமுகத்துக்குப் போகிற தெருவில் ஒரு போன் கடைக் கூண்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். கேட்கிற காதில் அவன் வைத்திருந்த போனில் நானும் என் காதை ஒட்டிக்கொண்டேன்.

“அம்மா, வழக்கு வெண்டிட்டம்!” என்று கத்தினான்.

“வெண்டாச்சோ? என்ரை பிள்ளையாரே!” அம்மா அழுதார். பக்கத்தில் யாருக்கோ சொன்னார், “தம்பியின்ரை வழக்கு வெண்டாச்சாம்.” அங்கே யாரோ கைதட்டினார்கள். பிறகு குரலைத் தெளிவாக்கிக்கொண்டு கேட்டார்:

“அப்ப இனிப் பிரச்சினை இல்லைத்தானே ராசா. எப்ப வாறாய்?”

நீதிபதிக்கு நின்ற நிலையில் பதில் சொன்னவன், போனை என்னிடம் நீட்டினான். நான் போனை வாங்கி, “அம்மா, லைன் சரியில்லை, ஒண்டும் கேக்குதில்லை, பிறகு எடுக்கிறம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு நாளும் அவ்வளவு தெளிவாக லைன் கிடைத்ததில்லை.