கண் மூடிக் கிடந்த அளவக்கா

திரைச்சீலையும் அதைத் தாங்கியிருந்த கம்பியும் சேர்ந்து தலையில் விழுந்த அன்றுதான், தன் உடம்பே தனக்குப் பகையாகிவிட்டது அளவக்காவுக்குத் தெரிந்தது.

துணிக்கடையில் வாங்கும் உடுப்பை ஆளுக்குத் தகுந்தபடி திருத்திக் கொடுப்பது அவள் வேலை. கழுத்தில் இஞ்ச் டேப், மணிக்கட்டுப் பட்டையில் குண்டூசிகள். வாடிக்கையாளர் கண்ணாடி முன் நிற்பார்கள். அவள் தரையில் மண்டியிட்டு, பேண்ட்டின் கால் மடிப்பைப் பிடித்து ஊசி குத்துவாள். கண்ணாடி முன் நிற்கிறவர்களுக்கு வாய் தானாகத் திறந்துகொள்ளும். வேலை போன கதை, பிள்ளை பெற்றதிலிருந்து எந்த உடுப்பும் சேராத கதை எல்லாம் அவள் தலைக்கு மேலிருந்து கொட்டும். ‘ம்’ கொட்டிக்கொண்டே கேட்பாள். பருமனானவர்களுக்கு இடுப்பளவைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டு, சரியான அளவை மனதுக்குள் வைத்துக்கொள்வாள். ‘அளவு எடுக்கிற அக்கா’ சுருங்கி அளவக்கா ஆகிவிட்டது; அவளே வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் உண்டு.

அன்று ஊசி குத்தி முடித்து எழுந்தபோது, கனத்த உடம்பைத் தாங்காமல் முழங்கால் கைவிட்டது. கைக்கு அகப்பட்ட, உடை மாற்றும் தடுப்பின் திரையைப் பிடித்தாள். கம்பி பெயர்ந்து வந்தது. அடுத்த தடுப்பில் சட்டை மாற்றிக்கொண்டிருந்த பெண் போட்ட கூச்சலில் கடையே திரும்பிப் பார்த்தது.

“அளவக்கா, தப்பா எடுத்துக்காதீங்க,” என்றார் முதலாளி. “பின்னாடி ரூம்ல சட்டைக்குக் காஜா எடுத்து பட்டன் தைக்க ஆள் வேணும். உக்காந்த இடத்துல வேலை. உங்களுக்கும் சௌகரியம்.”

“ஒரு மாசம் குடுங்க சார். சரியாயிடுவேன்.”

“சரியாகிறதுக்கு இது என்ன சளியா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “சரி, ஒரு மாசம்.”

பின்னறைக்கு ஜன்னல் கிடையாது. அங்கே சட்டைகள் வரும், ஆட்கள் வரமாட்டார்கள்.

மகள்தான் யோகா வகுப்பில் சேர்த்துவிட்டாள்.

“அங்க யாரும் உன்னைப் பாக்கமாட்டாங்கம்மா.”

“பாக்காம இருக்கணும்னா எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டுதான் வரணும்டி.”

வகுப்பு ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடந்தது. படியேறியதிலேயே பாதி மூச்சு போய்விட்டது. கடைசி வரிசையில், ஜன்னல் ஓரமாகப் பாயை விரித்தாள். முன்னால் இருந்தவர்கள் எல்லாம் ஈர்க்குச்சிகள். குனிந்து கால் விரலைத் தொடச் சொன்னார் டீச்சர். அவள் தொட்டது தன் தொடையைத்தான். கையைத் தூக்கினால் டி-ஷர்ட்டும் கூடவே ஏறியது. ஒரு கை வானத்தில், ஒரு கை சட்டையின் ஓரத்தில் என்று அவள் நின்றது தனி ஆசனம்.

நின்று செய்வது, உட்கார்ந்து செய்வது, கடைசியில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடுவது. இதுதான் வகுப்பின் வரிசை.

“நான் வர்றதே இந்தப் படுக்கைக்குத்தான்,” என்று கிசுகிசுத்தாள் பக்கத்துப் பாயில் இருந்த வங்கிக்காரி.

படுத்த பிறகுதான் அளவக்காவுக்கு உறைத்தது. எழுந்திருக்க வேண்டுமே! இத்தனை பேர் பார்க்க, தவழ்ந்து, பின்பக்கத்தைத் தூக்கி, முக்கி முனகி... அவள் கண்ணைத் திறக்கவில்லை. எல்லோரும் எழுந்து பாய் சுருட்டும் சத்தம் கேட்டது.

“அவங்களை எழுப்பாதீங்க,” என்றார் டீச்சர் மெதுவாக.

கடைசிக் காலடியும் படியிறங்கியதும், ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கி எழுந்தாள். மறுநாளும் அப்படியே. அதுவே பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் டீச்சர் வகுப்புக்கே சொன்னார்: “கடைசி வரிசை அக்காவைப் பாருங்க. உடம்பை முழுசா விடறதுன்னா அதுதான்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. எந்தப் பார்வைக்குப் பயந்தாளோ அதில் இப்போது மரியாதை இருந்தது.

“எப்படிக்கா மனசு அப்படி அடங்குது?” என்று கேட்டாள் வங்கிக்காரி. “எனக்கு வீட்டுல கேஸை அணைச்சோமாங்கிறதுலயே நிக்குது.”

“அது... தானா வரும்மா,” என்றாள் அளவக்கா. சொன்ன வாயை அவளுக்கே கிள்ள வேண்டும் போலிருந்தது.

தரையிலிருந்து எப்படி எழுவது என்று கற்றுக்கொள்ளத்தான் வந்தாள். அந்த ஒன்றைத்தான் இனி கேட்க முடியாது. வீட்டில் கட்டில் காலைப் பிடித்துப் பழகினாள், கட்டில்தான் நகர்ந்தது. மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. கடையில் முதலாளி ஏற்கெனவே ஒல்லியான பெண் ஒருத்தியைக் கண்ணாடிப் பக்கம் நிறுத்திப் பழக்கிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை டீச்சர் அவள் பாயை எடுத்துக் கூடத்தின் நடுவில் போட்டார். “இன்னைக்கு நீங்க இங்க படுங்க. எல்லாரும் பாத்துக் கத்துக்கட்டும்.”

படுத்தாள். சுற்றிலும் கம்பியும் இல்லை, சுவரும் இல்லை. நேரம் போனது, யாரும் வெளியேறவில்லை. அவள் எழுந்து ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்கள்.

கண்ணை மூடியபடியே சொன்னாள். “டீச்சர், எனக்கு எதுவும் அடங்கல. எழுந்திருக்க முடியல. அதான் தினமும் இப்படியே கிடக்கேன்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “சும்மா இருங்க,” என்று அதட்டினாள் வங்கிக்காரி. அளவக்கா கண் திறந்தபோது டீச்சரின் முகம் சிவந்திருந்தது. இத்தனை நாள் கவனிக்காமல் போனோமே என்ற வெட்கம். அவசரமாகக் கையை நீட்டினார்.

“கை வேணாம் டீச்சர். வழி சொல்லுங்க.”

“ஒருக்களிச்சுத் திரும்புங்க. கையை ஊணி முட்டி போடுங்க. ஒரு காலை முன்னாடி வைங்க. தொடையில கையை அழுத்துங்க...”

முதல் தடவை பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். அடுத்த தடவையும் அதேதான். அதற்கும் அடுத்த தடவை, கால் நடுங்க, டி-ஷர்ட் முதுகுவரை ஏற, பன்னிரண்டு பேர் முன்னால் எழுந்து நின்றாள். யாரும் கைதட்டவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அந்த வாரம் முழுக்க வேறு எந்த ஆசனமும் செய்யவில்லை. படுத்தாள், எழுந்தாள்.

மாதக் கடைசியில் முதலாளி தடுப்பு ஓரம் வந்து நின்றார். ஒல்லிப் பெண்ணும் கூட நின்றாள். அளவக்கா மண்டியிட்டு, ஒரு பெரியவரின் பேண்ட்டை மடித்து ஊசி குத்தினாள். பிறகு தரையில் கையூன்றி, ஒரு காலை முன்னால் வைத்து, தொடையை அழுத்தினாள். மூச்சு இரைத்தது. பெரியவர் சங்கடப்பட்டுக் கண்ணாடியிலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டார். எதையும் பிடிக்காமல் எழுந்துவிட்டாள்.

“எழுந்துட்டீங்க, சரி,” என்று தலையைச் சொறிந்தார் முதலாளி. “ஆனா இவ்வளவு நேரம் ஆகுதேக்கா. பாக்கறவங்களுக்கும் ஒரு மாதிரி...”

“நேரம் ஆகத்தான் செய்யும் சார்,” என்றாள், இரைப்பு அடங்காமலே. “பாக்கறவங்க பாக்கட்டும். அடுத்தவங்களை வரச் சொல்லுங்க.”

ஒல்லிப் பெண் ஒரு கணம் முதலாளியையும் அளவக்காவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியே போய் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.