பூஜைத் துணி

கடலூரில் நான் வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தில் இரண்டு அறைகள். ஒன்றில் சோதனைக்கான மருந்துகளைக் கலப்போம். இன்னொன்றில் பிசிஆர் இயந்திரம் ஓடும். வைரஸின் மரபணுவை அது கோடிக்கணக்கில் நகலெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி நகல் மருந்து கலக்கும் அறைக்கு வந்தாலே போதும், நோயில்லாதவருக்கும் நோய் என்று காட்டிவிடும். அதனால் இயந்திர அறையிலிருந்து ஒரு பேனாகூட இங்கே வரக் கூடாது. புதிதாக வேலைக்கு வந்தவர்களை இதற்காக நான் திட்டாத நாள் கிடையாது.

கொரோனா வருடத்து ஆயுத பூஜை. எல்லாவற்றையும் நானே துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். இயந்திரத்தைத் துடைத்த அதே மஞ்சள் துணியால் மருந்து கலக்கும் மேசையையும் துடைத்தேன். பூஜைத் துணி சுத்தமானது என்று ஒரு நினைப்பு.

மறுநாள் காலை சிதம்பரத்திலிருந்து மாதிரிகள் வந்தன. கூடவே ஒரு போன். பேசியவர், அங்கே கொரோனா மையத்தில் தனிமைப்படுத்தப்பட்டிருந்த ஆட்டோ ஓட்டுநர்.

"மேடம், அம்மா விடிகாலையில எறந்துட்டாங்க. நான் ஒரே புள்ள. நெகட்டிவ் வந்தாத்தான் வெளிய வுடுவாங்களாம். பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்ங்கறாங்க."

இரண்டு மணிக்குத் திரையைப் பார்த்தேன். அவர் பாசிட்டிவ். அடுத்தவரும் பாசிட்டிவ். மொத்தப் பேரும் பாசிட்டிவ். ஒவ்வொரு தடவையும் ஒரு குழாயில் வெறும் தண்ணீர் வைப்போம், அதில் எதுவும் வரக் கூடாது. அன்றைக்குத் தண்ணீரும் பாசிட்டிவ். மஞ்சள் துணி ஞாபகம் வந்தது.

முடிவுகளை அனுப்பவில்லை. பிளீச்சிங் போட்டு மேசையைத் துடைத்து, புது மருந்து பிரித்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் அவர் நான்கு முறை கூப்பிட்டார். மெஷினில் கோளாறு என்றேன். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

ஆறரைக்கு அவருக்கு நெகட்டிவ் வந்தது. ஐந்தரைக்கே பங்காளி ஒருவர் கொள்ளி வைத்துவிட்டார்.

காரியம் முடிந்து, ஆட்டோ ஸ்டாண்டில் காட்ட ரிப்போர்ட் வேண்டுமென்று மொட்டைத் தலையோடு வந்தார்.

"எல்லாருக்கும் தப்பா வந்துச்சாமே மேடம். அப்படியே அனுப்பாம திரும்பப் பாத்தீங்களாம், மையத்துல சொன்னாங்க. ரொம்ப நன்றி."

கும்பிட்டார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. துணியைப் பற்றிச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"டீ சாப்புடுறீங்களா?" என்றுதான் வந்தது.