சா என்றால் சாரல்

குற்றாலத்துக்குப் பக்கத்தில், இலஞ்சியில் ஒரு விதை ஆராய்ச்சிப் பண்ணை. அங்கே நெல்மணி நிறுப்பது பொன்செல்வியின் வேலை. வயது நாற்பத்திரண்டு. அதற்கு முன் ஏழு வருடம் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் தராசு பிடித்தவள். இந்த வேலை தற்காலிகம்தான். ஆராய்ச்சி நீண்டால் அவளும் நீடிப்பாள்.

இரண்டு நெல் ரகங்களைக் கலந்து உண்டாக்கிய நூற்றெண்பது வகைகள். ஒவ்வொன்றிலும் ஆயிரம் மணி எண்ணி எடை பார்க்க வேண்டும். எந்த மரபணு மணியைக் கனமாக்குகிறது என்று அந்த எடைகளை வைத்துத்தான் பண்ணையின் ஆராய்ச்சியாளர், ராமநாதபுரத்துக்காரி ஷஹானா தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று காலை அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள். எந்த மரபணு எடையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் படம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. அதைத் தாண்டி ஒரே ஒரு சிகரம்.

“எடைகளை வகை மாத்தி மாத்தி ஆயிரம் தடவை கண்டபடி கலைச்சுப் பாத்தேன்க்கா. குருட்டாம்போக்குல வந்தா இந்தக் கோடு வரைக்கும்தான் வரும். இது அதுக்கும் மேல! இந்த மரபணு இருக்கிற, சீக்கிரம் விளையற வகையெல்லாம் கனமா இருக்கு. ஆராய்ச்சிக்குப் பணம் தர்றவங்களுக்கு நாளைக்கு அனுப்பிட்டா அடுத்த வருஷமும் நமக்கு வேலை.”

வாட்ச்மேன் ஸ்டான்லி எட்டிப் பார்த்தான். “என்னக்கா, குத்தால மலையே உள்ள இருக்கு! அருவி எங்கன?”

பொன்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. சீக்கிரம் விளைந்ததை முதலில் அறுத்தார்கள், முதலில் எடை போட்டார்கள். அது சாரல் வாரம். வீட்டில் உப்பு ஜாடியே கசிந்து நின்றது. நெல் மட்டும் ஈரம் குடிக்காமலா இருக்கும்? பிந்தி விளைந்ததை எடை போட்டதோ நல்ல வெயிலில்.

சொன்னால் மலை சரியும், கூடவே வேலையும். ஆனாலும் நோட்டைப் பிரித்தாள்.

“மேடம், ஓரத்துல ‘சா’ன்னு எழுதியிருக்கேம்லா, பாத்தியளா?”

“சாம்பிள்தானே?”

“சாம்பிளா! சாரலுல்லா அது!”

விவரம் கேட்டதும் ஷஹானா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“வாய மூடிட்டு இருந்தா வேல இருந்திருக்கும்லா?” என்றான் ஸ்டான்லி.

“ஏலே, நீ போயி கேட்டைப் பாரு” என்றாள் பொன்செல்வி.

எல்லாப் பைகளையும் ஒன்றாகக் காயவைத்து, வரிசையைக் குலுக்கிப்போட்டு, ஒன்பது நாளில் மறுபடி எடை போட்டாள். மலை இருந்த இடம் தரையாகியிருந்தது. வேறொரு இடத்தில், கோட்டுக்குச் சற்றே மேலே, இதுவரை கண்ணில் படாத ஒரு சின்ன மேடு.

“இதாவது நெசமா, மேடம்?”

“இருக்கலாம்க்கா. முதல் தடவை எதுவும் கொஞ்சம் பெருசாத்தான் தெரியும். இன்னொரு கார் பருவம் விதைச்சுப் பாக்கணும். நடந்ததை அப்படியே எழுதிக் கேட்டேன். சரின்னுட்டாங்க.”

“அப்ப யாரு நிறுக்கது?”

“வேற யாரு, நீங்கதான்.”

பொன்செல்வி புது நோட்டில் கோடு போட்டாள். ஓரத்தில் ஒரு கட்டம் ஒதுக்கி, அதன் தலையில் முழுசாக எழுதினாள்: சாரல்.