சுவரில் இருந்த மயில்

இன்று லிங்கராஜபுரத்தில், என் மகள் படிக்கும் எல்கேஜி வகுப்பில் ஓவியக் கண்காட்சி.

நிலா என்ற பெயருக்கு மேலே ஒரு மயில். ஒரு இடத்தில்கூட கிரேயான் கோட்டைத் தாண்டவில்லை.

நிலா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். "இது என்னுது இல்லம்மா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக மிஸ்ஸிடம் போனேன்.

"இத யாரு மிஸ் வரைஞ்சது?"

கத்திவிட்டேன் போல. மற்ற அம்மாக்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

மிஸ்ஸின் முகம் வெளுத்தது. ஆனால் பொய் சொல்லவில்லை.

"நான்தான் மேடம். பிள்ளைங்க வரைஞ்சத மாட்டினா, ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலையான்னு பேரன்ட்ஸ் சண்டைக்கு வர்றாங்க."

"நாலு வயசுப் புள்ள வரைஞ்சது எப்படி இருந்தா என்ன?"

மிஸ் என்னையே பார்த்தார். "போன வாரம் ஹோம்வொர்க்ல மாம்பழம் வந்துச்சே மேடம், ஷேடிங் எல்லாம் போட்டு? அத வாங்குறப்பவும் பாப்பா 'இது என்னுது இல்ல மிஸ்'னுதான் சொன்னா."

அந்த மாம்பழத்துக்கு நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

சுற்றி நின்ற ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவரவர் வரைந்த மாம்பழம் நினைவுக்கு வந்திருக்கும்.

மிஸ் டிராயரைத் திறந்து, நிலா வரைந்ததை எடுத்துக் கொடுத்தார். ஊதா மயில், ஐந்து கால். சுவரில் இருந்ததைக் கழற்றிவிட்டு நானே அதை மாட்டினேன்.

நாளைய ஹோம்வொர்க் தென்னை மரம். பக்கத்தில் நிலா வரைந்துகொண்டிருக்கிறாள். மரம் படுத்துக்கிடக்கிறது. எனக்குக் கை பரபரக்கிறது. அதனால்தான் இதை எழுதக் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் வீட்டுத் தென்னை மரத்தை யார் வரைகிறார்கள்?