படித்துவிட்டுப் போன காட்டேரி

"நாம கூப்பிடாம வேம்பயர் உள்ள வரவே முடியாதும்மா. அதான் ரூல்" என்றாள் மகள், கதைப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

சின்ன வயதில் நாங்கள் இருந்த டில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸின் பச்சைக் கதவு என் கண்முன் வந்து நின்றது. தம்பிக்குக் காய்ச்சல் இறங்காத வாரம் அது. ரத்தக் காட்டேரிதான் வந்து போகிறது என்று முடிவுகட்டிய அம்மா, ஊர் வழக்கப்படி கதவில் சுண்ணாம்பால் 'நாளை வா' என்று எழுதினாள்.

ஆபீஸிலிருந்து வந்த அப்பா சிரித்தார். "டில்லிக் காட்டேரிக்குத் தமிழ் தெரியுமாடி?"

"அப்ப ஹிந்தியில நீங்க எழுதுங்க. ஆபீஸுக்கு வர்றவங்களையெல்லாம் நாளைக்கு வாங்கன்னுதானே அனுப்புறீங்க!"

அப்பா சிரிப்பை நிறுத்தினார். ஃபைலில் எழுதும் அதே குண்டு குண்டான கையெழுத்தில், அடியிலேயே ஹிந்தியிலும் எழுதினார்.

காலையில் தம்பி பசிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தான். நான் கதவுக்கு ஓடினேன். ரத்தம் குடிக்க வந்த ஒன்று இங்கே நின்று, படித்து, எழுத்துக்குக் கட்டுப்பட்டுப் போயிருக்கிறது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மகளிடம் இதைச் சொன்னேன். "மறுநாளும் அதேதானே எழுதியிருக்கும்? அதுக்குத் தெரியாதா?" என்றாள்.

"தெரியும். அந்தக் கதவுல தாழ்ப்பாள்கூடச் சரியா விழாது. ஒரு தள்ளு தள்ளினா போதும். தள்ளலை."