தாழ்ப்பாள்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகளைக் கண்டாலே எனக்கு ஆகாது. எழுபதுகளின் நடுவில் இருவரும் ஒரே பஸ்ஸில் கோப்பெங் பட்டணத்துக்குப் போய் ஒரே வகுப்பில் படித்தோம். அவளுடைய தங்கச் சங்கிலியை நான் பொருட்டாக நினைத்ததில்லை. அவள் வீட்டுக்குள்ளேயே இருந்த கக்கூஸும் அதன் கதவுத் தாழ்ப்பாளும்தான் என் வயிற்றெரிச்சல்.

தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக் கக்கூஸ்களுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதனால் பெண்கள் இருவராகத்தான் போவோம். ஒருத்தி உள்ளே போனால் மற்றவள் வாசலில் காவலுக்கு, ஜாகா நிற்பாள். விடியுமுன்னே அம்மாவும் மற்ற பெண்களும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். அதன்பின் எனக்கு ஜாகா நிற்க ஆளில்லை. குழாயிலும் அவர்கள் திரும்பும்வரை தண்ணீர் வராது. மற்ற நாள்களில் அடக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். மாதவிலக்கு நாள்களில் எங்கே கழுவி, எங்கே துணி மாற்றுவது? ஒற்றை அறை வீட்டில் மூன்று தம்பிகள் வேறு. மாதம் மூன்று நாள் பள்ளிக்கு மட்டம்.

ஒரு நாள்கூடத் தவறாமல் வந்ததற்காகக் கிராணியின் மகளுக்கு மைப்பேனா பரிசு கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"ஒனக்கென்னலா, மாசாமாசம் லீவு போட்டு ஜாலியா படுத்துக்கிற. எனக்குப் பொறாமையா இருக்கு."

அவளுக்கு என்மேல் பொறாமையாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறங்கியதும் அவள் கையைப் பிடித்து லயத்துக் கக்கூஸுக்கு இழுத்துப் போனேன்.

"நான் உள்ள போறேன். நீ ஜாகா நில்லு. ஆம்பளைங்க யாராச்சும் வந்தா சத்தம் போடு."

மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும், "நீயும் போறியா? நான் நிக்கிறேன்" என்றேன். கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், போகவில்லை.

"காலையில எங்க வீட்டுக்கு வாலா. பின்கதவு தொறந்திருக்கும்" என்றாள் கடைசியில்.

மூன்றாம் படிவத் தேர்வு சரியாக அந்த நாள்களில் வந்து தொலைத்தது. வெட்கத்தை விட்டுப் போனேன். உள்ளே வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. தாழ்ப்பாளைப் போட்டேன். நன்றி வந்திருக்க வேண்டும். வந்ததோ பொறாமை, முன்னைவிட அதிகமாக. விரல் நீள இரும்புத் துண்டு. இதற்காகவா நான் இத்தனை நாள் வீட்டில் முடங்கிக் கிடந்தேன்?

அதன்பின் மாதந்தோறும் அந்தப் பின்கதவுதான். அடுத்த ஆண்டு மைப்பேனா எனக்கும் கிடைத்தது. அதைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு லயத்துக்குள் நடந்தேன். அன்று பள்ளிக்கு வராத பக்கத்து வீட்டுப் பெண் வாசலில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். முதலில் பேனாவைப் பார்த்தாள், பிறகு என்னை. கிராணியின் மகளை நான் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.