மருந்துப் புட்டியில் கொஞ்சம் மெரூன்

அப்பா கார்களில் விழும் கீறல்களைச் சரிசெய்தவர். நசுங்கல், துரு எல்லாம் வேறு பட்டறைக்கு. அவரிடம் கீறல் மட்டும். பீரோ தொழிற்சாலையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அதை மூடியதும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு இதைத் தொடங்கினார். வந்தவர்கள் எல்லாரும் டிரைவர்கள். முதலாளி கண்ணில் படுவதற்குள் கீறல் மறைய வேண்டும், செலவும் கையைக் கடிக்கக் கூடாது. அந்த முதலாளிகள் ஒருவருக்கும் அப்பாவைத் தெரியாது.

வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்திருந்தார். கீறலின் குறுக்கே அதை ஓட்டுவார். வழுக்கிப் போனால் பாலிஷ் போதும். நகம் தட்டி நின்றால் பெயின்ட். பல்குத்தும் குச்சியால் கீறலுக்குள் மட்டும் வைப்பார். காயவிட்டு மறுபடி வைப்பார். மேடு கட்டியதும் சோப்புத் தண்ணீரில் நனைத்த நைஸ் உப்புத்தாளால் தேய்ப்பார். கடைசியாகப் படுத்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் அந்த நகத்தை வெட்டிவிட்டார். "கடையை மூடிட்டாங்கடி" என்று சிரித்தார் அப்பா. அடுத்த வாரம் இறந்துபோனார்.

உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு கொட்டகையைக் காலிசெய்யப் போனேன். வாசலில் மெரூன் நிறக் காருடன் ஒரு டிரைவர் நின்றிருந்தார். எதற்கெடுத்தாலும் பறப்பவர். அப்பா அவருக்கு வைத்த பெயர் அவசரம்.

"தங்கச்சி, நேரங்கெட்ட நேரத்துல வந்துட்டேன். பெரியவர் பிரைமர் வச்சுட்டு, நாளைக்கு வா, கலர் வைக்கலாம்னார். மறுநாள் அவரே படுத்துட்டார். இன்னிக்கு ராத்திரி முதலாளி ஊர்லேர்ந்து வர்றார். இன்னொரு கீறல் பார்த்தா சாவியை வச்சுட்டுப் போயிடணும்னு முன்னாடியே சொல்லிட்டார்."

"வேற பட்டறை பார்க்கலாமேண்ணே?"

"கதவு முழுக்க அடிக்கணும், நாலஞ்சு நாள் விட்டுட்டுப் போங்கறாங்க. பெரியவர் போனதுக்கு அழறதா, என் வேலை போறதுக்கு அழறதான்னே தெரியல."

குனிந்து பார்த்தேன். விரல் நீளக் கீறல். அடிப்பூச்சான பிரைமரின் சாம்பல் நிறத்தைக் காணோம். பழுப்பாக மினுங்கியது.

"என்னண்ணே இது?"

"ஷூ பாலிஷ். முதலாளி வீட்டம்மா பார்த்துடக் கூடாதேன்னு தினம் காலையில கொஞ்சம் தடவிட்டேன்."

"மெழுகு மேல பெயின்ட் எப்படி நிக்கும்?"

"பெரியவரா இருந்தா வாங்கிக் கட்டியிருப்பேன். நீங்களும் திட்டிடுங்க, பரவால்ல."

திட்டத் தெம்பில்லை. உள்ளே போனேன்.

அலமாரியில் பழைய இருமல் மருந்துப் புட்டி. அடியில் மெரூன், ஒரு ஸ்பூன்கூடத் தேறாது. நான் உலோகவியல் படித்தவள். பூச்சுகளின் தடிமனை அளப்பது என் வேலை. கலர் எண்ணைச் சொன்னால் கடையில் புது மெரூன் கலந்து தருவார்கள். ஆனால் இந்தக் கார் வெயிலில் வெளுத்த கார். புது நிறம் அதில் தனியாகத் தெரியும். வெளுத்த நிறத்துக்கே ஒத்துப்போகும்படி, கதவைப் பார்த்துப் பார்த்து அப்பா கலந்து வைத்திருந்தார். அவர் கடைசியாகக் கலந்தது இதுதான். புட்டியைப் பைக்குள் போட்டுக்கொள்ளத்தான் முதலில் கை போனது.

வெளியே அவசரம் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். "சாயங்காலம் வந்துடுவேம்மா. இல்ல, இல்ல, வண்டிக்கு ஒண்ணுமில்ல."

புட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தின்னர் தொட்டுத் துடைத்தபோது பாலிஷோடு பிரைமரும் வந்துவிட்டது. மறுபடி தேய்த்து, மறுபடி பிரைமர் வைத்தேன். பெயின்டின் மேல் கட்டியிருந்த ஏட்டை விலக்கினேன். கீழே ஈரம் இருந்தது. வைத்தேன், காயவிட்டேன், வைத்தேன். வெயில் சாயும்போது கடைசி அடுக்கு. கீறலின் முனைக்கு எட்டுமுன் புட்டி காலி. சுரண்டினேன். குச்சியில் ஒன்றும் ஒட்டவில்லை. தேய்த்து முடித்த பிறகும் அந்த முனையில் ஒரு பள்ளம் நின்றது.

"தெரியுதுண்ணே."

"எங்க முதலாளி எட்ட நின்னு பார்க்கறவர். உங்களை மாதிரி மூக்கை வச்சு உரச மாட்டார்." இரண்டடி பின்னால் போனார், தலையைச் சாய்த்தார். "போதும் தங்கச்சி. பொழைச்சேன்."

"இனிமே இங்க யாரும் இல்லண்ணே."

தலையாட்டிவிட்டு ஏறினார். ரிவர்ஸ் எடுத்த வேகத்தில் கார் கேட் தூணை நோக்கிப் போனது.

"ஒடிங்க, ஒடிங்க!" என்று கத்தினேன்.

ஸ்டியரிங்கை ஒடித்தார். மயிரிழையில் தப்பியது.